கவசக் காட்சியின் திரைக்கயிறு

தில்லைநாயகி ஊரறிந்த சினிமா டைரக்டர். நாடகத்தில் அவளுக்குக் குரு வைரவநாதன். அவளைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் அவர் எதிரில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அன்றும் ஒப்பனை அறை வாசலில் நின்றபடியே பொரிந்தாள்.

“பாரதத்தைப் படமா எடுக்கிறேன், வாத்தியாரே. தெரிஞ்ச கதையை எவன் பார்ப்பான்னு தயாரிப்பாளர் கேக்கறார். கவசத்தைக் கொடுக்க மாட்டேன்னு கர்ணன் சொல்ற மாதிரி மாத்தணுமாம். நாளைக்குள்ள சரின்னு சொல்லலைன்னா வேற டைரக்டராம்.”

“நீங்க என்ன சொன்னீங்க, அக்கா?”

“என்னத்தைச் சொல்றது? பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச கதை. அதுல நான் என்னத்தைப் புதுசா காட்டறது?”

வாத்தியார் இந்திரன் வேஷக்காரருக்குத் தாடி ஒட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“திரை இழுக்கிற பெருமாளுக்குக் காய்ச்சல். இன்னிக்குக் கவசக் காட்சிதான். கயித்தை நீங்க பிடிங்க. கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுத்ததும் மூடணும்.”

“நான் கேட்டதுக்கு இதுவா பதில்?”

“மணி அடிச்சாச்சு அக்கா.”

பல்லைக் கடித்துக்கொண்டு போய்த் திரைக்கயிற்றருகே நின்றாள்.

மேடையில் கிழவன் வேஷத்தில் வந்த இந்திரன் கையேந்தினான். வந்திருப்பது யாரென்று தெரிந்தும் கர்ணன் சிரித்தான். அதுவரை முறுக்கு கடித்துக்கொண்டிருந்த கூட்டம் வாயை மூடியது. முன் வரிசையில் ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கர்ணன் கத்தியை எடுத்தான். வெறும் அட்டைக் கவசம். ஓரத்தில் ஜிகினாத்தாள் பிய்ந்திருந்ததுகூட அவளுக்குத் தெரிந்தது. கத்தி நெஞ்சருகே போனது.

திரை மூடிக்கொண்டது.

கயிறு அவள் கையில் இருந்தது. முழுக்க இழுத்திருந்தாள்.

யாரும் விசில் அடிக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாக, “அப்பாடா,” என்றார்கள்.

வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவன் இன்னும் அறுக்கவே இல்லையே, அக்கா.”

“கொடுத்துடுவானேன்னு...” என்றாள். திரைக்குப் பின்னால் கர்ணன் கத்தியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தான். அவனையே பார்த்தாள். பிறகு கயிற்றை வாத்தியாரிடம் நீட்டினாள்.

“அவன் கொடுத்துத்தான் ஆகணும், வாத்தியாரே. நீங்களே திறங்க. எனக்குக் கை வரலை.”

வாத்தியார் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இத்தனை வருஷத்துல இந்தக் காட்சிக்கு மட்டும் நான் கயித்தைத் தொட்டதே இல்லை.”