சின்னக் கேமராவின் தாமதம்

முன்னொரு காலத்தில் என்று தொடங்கினால் பொய்யாகிவிடும். போன மழைக்கு முந்தின மழை ஓய்ந்த சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரு கடல் இருந்தது. கடலுக்குப் போகிற தெருவில் ஒரே ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அதை நடத்தியவர் கொம்பையா அண்ணாச்சி.

அந்த ஸ்டூடியோவில் பொருள்கள் எல்லாம் பேசும். ஆள் இல்லாதபோதும் பேசும், ஆள் இருக்கும்போதும் பேசும். மனிதர்களுக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

நடு அறையில் மூன்று கால் ஸ்டாண்டின்மேல் பெரிய கேமரா வீற்றிருந்தது. கறுப்பு உடம்பு, தேங்காய்ச் சிரட்டை அகலத்துக்கு ஒரு கண். அதன் பக்கத்தில் குடை பிடித்த லைட்டு. சுவரோடு சுவராக வெள்ளைத் துணி. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. வேலைக்கு விண்ணப்பம் போட்ட அந்த ஊர் ஆண்கள் அத்தனை பேரும் ஒருமுறையாவது அதை மாட்டிப் படம் எடுத்திருந்தார்கள். அதனால் கோட்டு தன்னையே ஒரு ஆபீசர் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

மேசை டிராயருக்குள் ஒரு சின்னக் கேமரா கிடந்தது. சீட்டுக்கட்டைவிட மெலிசு. சட்டைப் பையில் போட்டால் போட்டதே தெரியாது. அண்ணாச்சியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. வந்த புதிதில் அதற்கு வாய் கொஞ்சம் நீளம்.

"பெரியவரே, உங்களைத் தூக்க ஒரு பை, நிறுத்த ஒரு ஸ்டாண்டு, வெளிச்சத்துக்கு ஒரு குடை. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை பரிவாரம் கிடையாது. நான் பாருங்க, அண்ணாச்சி சட்டைப் பையில ஏறினா ஊரையே சுத்திட்டு வந்துருவேன்" என்று சொல்லும்.

அந்த வாய் ஒரே ஒரு கல்யாணத்தில் அடங்கிப்போனது. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீட்டுக் கல்யாணம். பெரிய கேமராவை அண்ணாச்சியின் தம்பி ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு போக, அண்ணாச்சி சின்னதைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு பக்கம் போனார். மண்டபத்தில் வெளிச்சம் மங்கல். முகமெல்லாம் ரவை தூவினாற்போலப் புள்ளி விழுந்தது. கண்கள் சிவப்பாக வந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். பெண் மாலையை உயர்த்தியபோது அண்ணாச்சி சரியாகத்தான் அழுத்தினார். சின்னக் கேமரா கண்ணைச் சுருக்கி, விரித்து, 'சரி, இப்போது பிடிக்கலாம்' என்று முடிவு செய்வதற்குள் மாலை விழுந்து, மாப்பிள்ளை மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். அந்த மூக்குதான் படத்தில் கிடைத்தது.

"மாலை எங்கவே?" என்று பெண்ணின் அப்பா படங்களைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார்.

அன்றிலிருந்து சின்னக் கேமராவுக்கு டிராயர்தான் வீடு. மாதம் ஒருமுறை, உயரத்தில் இருந்த கரண்ட் மீட்டரின் எண்ணைப் படம் பிடிக்க மட்டும் அண்ணாச்சி அதை எடுப்பார். "மீட்டர் எந்திரிச்சு எங்கயும் ஓடிராது பாரு, அதனால நீ பிந்தினாலும் பரவாயில்ல" என்று கோட்டு கேலி செய்யும்.

ஒருநாள் காலை. ஜெனோவா என்ற பெண் ஐந்து மாதக் குழந்தை அமலியோடு ஸ்டூடியோ படி ஏறினாள்.

"அண்ணாச்சி, போன வாரம் எடுத்த படத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"ஏம்மா?"

"என் வெரலு தெரியுதாம்."

அண்ணாச்சி தலையில் கைவைத்தார். கைக்குழந்தைக்கு பாஸ்போர்ட் படம் எடுப்பதில் அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு முறை இருந்தது. ஸ்டூலில் தாயை உட்காரவைத்து, அவள்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, துணிக்கு வெளியே மடியில் குழந்தையை உட்காரவைப்பார்கள். தாய் துணிக்குள்ளிருந்தே பிள்ளையைப் பிடித்துக்கொள்வாள். போன வாரம் குழந்தையின் கக்கத்துக்குக் கீழே இரண்டு விரல் எட்டிப் பார்த்துவிட்டது.

"நாளைக்குக் காலையில ஒம்பதரைக்கு ஆபீஸ்ல வரச் சொல்லியிருக்காங்க அண்ணாச்சி. இதையும் விட்டா அடுத்த தேதி எப்பவோ. அமலியோட அப்பாவுக்குத் தோஹாவுல கம்பெனி வீடு குடுத்திருக்கு. ரெண்டு மாசத்துக்குள்ள நாங்க போய்ச் சேரலேன்னா வேற குடும்பத்துக்குக் குடுத்துருவாங்களாம். அவரு இன்னும் இவளத் தொட்டுக்கூடப் பாக்கல."

"போன்ல நீயே எடுத்துப் பாத்தியாம்மா?"

"போனக் கண்டா அதுக்குள்ள அவ அப்பா இருக்காருன்னு நெனச்சுப் புடுங்க வாறா. ஒரு படம் நேரா நிக்க மாட்டேங்கு."

அண்ணாச்சி குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். பிறகு, "வா தாயி, இன்னிக்கு எடுக்காம விடப்போறதில்ல" என்று துணியை எடுத்தார்.

ஜெனோவா துணிக்குள் போனாள். அமலி மடியில் உட்கார்ந்தாள். அம்மா காணாமல்போய், அம்மாவின் கைமட்டும் எங்கிருந்தோ பிடிப்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. திரும்பித் துணியை மோந்து பார்த்தாள்.

"இங்க பாரு குட்டி!"

அமலி பார்த்தாள். எதிரே தேங்காய்ச் சிரட்டைக் கண். அவள் உதடு பிதுங்கியது. குடை லைட்டு பளீரென்று வெட்டியது. அவ்வளவுதான், தெருக்கோடி வரை கேட்கிற அழுகை.

"நான் என்ன செஞ்சேன்? என் வேலைய நான் செஞ்சேன்" என்றது குடை லைட்டு.

"நீ சும்மா இரு. பிள்ளை உன்னைப் பார்த்து அழலை, பெரியவரைப் பார்த்துத்தான் அழுது" என்றது கோட்டு.

பெரிய கேமராவுக்கு ரோஷம். "எத்தனை கலெக்டர் எனக்கு முன்னால நிமிர்ந்து உட்கார்ந்திருக்காங்க தெரியுமா?"

"கலெக்டருக்குப் பல் இருக்கு. இவளுக்கு இல்ல. அதுதான் வித்தியாசம்" என்றது வெள்ளைத் துணி.

பத்துப் படம் எடுத்தார் அண்ணாச்சி. பத்திலும் அழுகை. கிலுகிலுப்பை எங்கேயாவது கிடக்குமா என்று டிராயரைத் திறந்து துழாவினார். கிலுகிலுப்பை இல்லை. கையில் சின்னக் கேமராதான் சிக்கியது. வேறு வழியில்லாமல் அதையே குழந்தையின் முன்னால் ஆட்டி, பொத்தானை அமுக்கினார்.

ஙீ...ங் என்று ஒரு சன்னச் சத்தத்தோடு சின்னக் கேமராவின் கழுத்து வெளியே வந்தது. ஓட்டுக்குள்ளிருந்து ஆமை தலையை நீட்டுமே, அந்த மாதிரி.

அழுகை நின்றது.

அண்ணாச்சி மறுபடி அமுக்கினார். கழுத்து உள்ளே போனது. மறுபடி அமுக்கினார். வெளியே வந்தது. அமலி பொக்கை வாயைத் திறந்து கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"அப்படியே காட்டிக்கிட்டே இருங்க அண்ணாச்சி!" என்றாள் துணிக்குள்ளிருந்து ஜெனோவா.

அவர் இடது கையில் சின்னதை ஆட்டிக்கொண்டே வலது கையால் பெரியதில் எடுத்தார். எல்லாப் படத்திலும் குழந்தை இடது பக்கம் திரும்பிச் சிரித்தது. பெரிய கேமராவை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"சரி, இதுலயே எடுத்துருவோம்" என்றார் அண்ணாச்சி. சின்னக் கேமராவின் முதுகில் இருந்த திரையைப் பார்த்தார். பேட்டரி சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. சார்ஜர் வயரைத் தேடிச் செருகுவதற்குள் பிள்ளை மறுபடி அழ ஆரம்பித்துவிடும்.

சின்னக் கேமரா பெரிய கேமராவைக் கூப்பிட்டது. "பெரியவரே, என்னால ஆகாது. இந்த அறை வெளிச்சத்துல எனக்குக் கண் தெரியாது. உசிரு ரெண்டு மூணு படத்துக்குத்தான் தாங்கும். நான் எப்பவும் பிந்திப்போவேன், உங்களுக்கே தெரியும். மாலைன்னா போகட்டும். இது ஒரு பிள்ளை அப்பாகிட்டப் போற விஷயம்."

பழைய கணக்கைப் பேச அதைவிட நல்ல நேரம் பெரிய கேமராவுக்குக் கிடைத்திருக்காது. அது ஏனோ அந்தக் கணக்கை எடுக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "வாசலுக்குப் போ. காலை வெயில் எதிர்ச் சுவர்ல பட்டு உள்ள வருது. அந்த வெளிச்சம் இருந்தா உன் கண் போதும். கிட்டப் போய்ப் பிடி. என்னால அவ்வளவு கிட்டப் போக முடியாது, அவ பயந்துருவா" என்றது.

அண்ணாச்சிக்கும் அதே யோசனைதான் வந்திருக்க வேண்டும். வெள்ளைத் துணியை வாசலோரம் தரையில் விரித்தார். "அம்மாவும் வேண்டாம், விரலும் வேண்டாம். பிள்ளை மல்லாக்கப் படுக்கட்டும், நான் மேலயிருந்து எடுக்கேன்."

"ஆளு மேல போர்த்துனது போதும், இப்பத் தரையிலயா?" என்று முனகிக்கொண்டே துணி சுருக்கமில்லாமல் படுத்தது. அதன்மேல் அமலி படுத்தாள்.

"வாய் மூடியிருக்கணும், கண்ணு தொறந்திருக்கணும், நேரா பாக்கணும். அதத்தான் சொல்லியனுப்பியிருக்காங்க" என்று ஜெனோவா நினைவுபடுத்தினாள்.

கழுத்து நீண்டது. அமலி பார்த்தாள். வாய் மூடியிருந்தது. அண்ணாச்சி அழுத்தினார். சின்னக் கேமரா கண்ணைச் சுருக்கி விரித்துப் பிடிப்பதற்குள் அவள் கையைத் தூக்கி முகத்தை மறைத்துவிட்டாள்.

ஒன்று போயிற்று.

இரண்டாவது. வாய் மூடி, கண் விரிந்து, நேராகப் பார்த்தாள். இதைவிட அழகாக யாரும் பார்க்க முடியாது. அழுத்தினார். படம் விழுந்த நேரத்தில் அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். திரையில் தொண்டைக்குழி தெரிந்தது.

"அன்னிக்கு மாப்பிள்ளை மூக்கு, இப்பத் தொண்டை" என்றது கோட்டு.

"வாயை மூடு" என்றது பெரிய கேமரா. இத்தனை வருஷத்தில் அது கோட்டை அதட்டியது அன்றைக்குத்தான்.

சிவப்பு வேகமாக மின்னியது. இன்னும் ஒன்று. அதற்குமேல் இல்லை. அண்ணாச்சி கழுத்தை உள்ளே போகவிட்டு, மறுபடி வெளியே வரவைத்தார். அமலிக்கு அது போதும். கால் இரண்டையும் உதைத்து, வாய் நிறைய, ஈறு தெரியச் சிரித்தாள். அதைப் பார்த்து ஜெனோவாவும் சிரித்துவிட்டாள்.

சிரிப்பு ஓயட்டும் என்று அண்ணாச்சி காத்திருந்தார். அவருடைய கட்டைவிரல் தடிமன். அந்தப் பொத்தானோ ஒரு துவரம்பருப்பு அளவு. விரல் வழுக்கி அமுக்கிவிட்டது.

"அய்யய்யோ! வாயத் தொறந்திருக்காளே!"

ஜெனோவாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

சின்னக் கேமரா அவசரப்படவில்லை. அவசரப்பட அதற்குத் தெரியாது. கண்ணைச் சுருக்கியது. விரித்தது. துணியிலிருந்த ஒரு மடிப்பைப் பார்த்துவிட்டு, அது வேண்டாமென்று குழந்தையின் கண்ணுக்கு வந்தது. இதற்குள், கழுத்து ஏன் அசையாமல் நிற்கிறது, சத்தம் எங்கே போயிற்று, அடுத்து என்ன வரும் என்று அமலி சிரிப்பை நிறுத்தினாள். வாயை மூடினாள். கண்ணை முழுக்கத் திறந்து, நேராக, அதன் கண்ணுக்குள்ளேயே பார்த்தாள்.

க்ளிக்.

திரை இருண்டது. நீட்டிய கழுத்து நீட்டியபடியே நின்றுவிட்டது.

"விழுந்துச்சா அண்ணாச்சி?"

"தெரியலையேம்மா."

மெமரி கார்டை உருவி அவர் கம்ப்யூட்டரில் செருகினார். ஜெனோவா குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் நின்றாள். முதலில் ஒரு கரண்ட் மீட்டர் வந்தது. இன்னொரு கரண்ட் மீட்டர். பிறகு ஒரு கை. ஒரு தொண்டை. பிறகு அமலி வந்தாள், வாய் மூடி, கண் திறந்து, நேராகப் பார்த்தபடி.

ஆணியிலிருந்த கோட்டுகூட எட்டிப் பார்த்தது.

"அவங்க அப்பா மாதிரியே முழிக்கா" என்றாள் ஜெனோவா. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிரிண்டர் எட்டுப் படத்தை வரிசையாக வெளியே தள்ளியது. அண்ணாச்சி வெட்டி, கவரில் போட்டு, கவருக்குமேல் ஒரு ரப்பர் பேண்டும் போட்டுக் கொடுத்தார். அந்த நேரத்தில் கோட்டு மெதுவாகத் தொண்டையைக் கனைத்தது.

"இனிமே கல்யாணத்துக்கெல்லாம் சின்னவன்தான் போவானோ?"

"வேண்டாம்ப்பா. மாலை எனக்காகக் காத்திருக்காது. அதுக்குப் பெரியவர்தான்" என்றது சின்னக் கேமரா. அப்படிச் சொன்னபோது அதற்கு வருத்தமாக இல்லை. "யாராவது தொட்டில்ல கிடந்தா என்னைக் கூப்பிடுங்க."

"வாசல் வெளிச்சம் உள்ள நேரமாப் பாத்து" என்றது பெரிய கேமரா.

"பின்னே? உங்க குடையையா பிடிச்சுக்கிட்டு வருவேன்?"

பெரிய கேமரா சிரித்தது. அது சிரிக்கும் என்று குடை லைட்டுக்கே அன்றுவரை தெரியாது.

அண்ணாச்சி சின்னக் கேமராவை டிராயருக்குள் வைக்கப் போனார். நீட்டிய கழுத்து இடித்து டிராயர் மூடவில்லை. இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். பிறகு, "சரி, வெளியவே இரு" என்று, வாசலைப் பார்த்த மாதிரி மேசைமேல் வைத்தார். சார்ஜர் வயர் எங்கே என்று தேட உள்ளறைக்குப் போனார்.

"வாறேன் அண்ணாச்சி!" என்று குரல் கொடுத்துவிட்டு ஜெனோவா படி இறங்கினாள். கவர் ஒரு கையில், பிள்ளை தோளில். தெருவில் வெயில் ஏறியிருந்தது. தோளுக்குமேலே அமலியின் முகம் ஸ்டூடியோவைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தது. மேசைமேல் அந்தக் கழுத்து தெரிந்ததும் அவள் வாயைத் திறந்து சிரித்தாள்.

பிடித்துவைக்கச் சின்னக் கேமராவிடம் உயிர் இல்லை. அதனால் சுருக்கவும் விரிக்கவும் ஒன்றுமில்லாமல், அந்தச் சிரிப்பை மட்டும் அது பிந்தாமல் பார்த்தது, தாயும் பிள்ளையும் தெருமுனை திரும்பும்வரை.