மண் இல்லாத பைன் மரம்

சீன தேசத்தில் ஒரு ராஜாவின் கொடியை இறக்கிவிட்டு இன்னொரு ராஜா தன் கொடியை ஏற்றிய காலத்தில், காவ் பெங் என்றொரு பெரிய ஓவியன் இருந்தான். இருந்தான் என்று ஊர் சொன்னது, நானும் அப்படியே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலை வரைவதில் அவனுக்கு நிகரில்லை என்றார்கள். உண்மையில் தூரிகையை எப்படிப் பிடிப்பது என்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியாது. வரைந்தவள் அவன் மனைவி மின்ரோ.

குடும்பப் பெண்ணின் பெயர் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் அவள் வரைவாள், அவன் படத்தின் மூலையில் தன் பெயர் பொறித்த சிவப்பு முத்திரையைக் குத்துவான். விருந்துக்கு அவன் போவான், பாராட்டை அவன் வாங்கி வருவான்.

படத்தின் பின்பக்கத்திலாவது என் பெயரைச் சின்னதாக எழுதட்டுமா என்று மின்ரோ கேட்டாள். முதல் முறை அவன் சிரித்தான். இரண்டாம் முறை கோபப்பட்டான். மூன்றாம் முறை, மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

பழைய ராஜாவின் படையில் இருந்த அவள் தம்பிகள் இருவரும் போரில் செத்துப்போனார்கள். பழைய ராஜாவின் ஆட்களுக்காக அழுகிறவர் தலை போகும் என்று புது ராஜாவின் ஆணை. வாய்விட்டு அழ வழியில்லாமல் மின்ரோ ஒரு பைன் மரத்தை வரைந்தாள். வேர்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. அவற்றின் அடியில் ஒரு பிடி மண்கூட இல்லை. மண்ணைத்தான் பறித்துக்கொண்டார்களே.

காவ் பெங் அதைக் கவனிக்கவில்லை. இருபது வருஷமாக அவன் பார்த்தது மூலையை மட்டும்தான். முத்திரையைக் குத்தி, புது ஆளுநரின் விருந்துக்குப் பரிசாகக் கொண்டுபோனான்.

ஆளுநர் ஓவியம் அறிந்தவர். வேரைப் பார்த்தார், இது துக்கப் படம் என்று புரிந்துகொண்டார், அவனைக் கட்டச் சொன்னார்.

"பிரபு, இதை நான் வரையவில்லை. என் வீட்டுக்காரி வரைந்தது. இதுவரை வந்த எல்லாமே அவள் வரைந்ததுதான்," என்று காவ் பெங் காலில் விழுந்தான். மூன்று முறை கேட்டும் தராத பெயரை அன்றைக்குத்தான் அவளுக்குத் தந்தான், பாவி.

மின்ரோவை இழுத்து வந்தார்கள். அவள் முன்னால் மூன்று தாள்களை வைத்து வரையச் சொன்னார் ஆளுநர். கை தேர்ந்ததாக இருந்தால் அவள் தலை போகும், இல்லாவிட்டால் பொய்யன் தலை போகும் என்றார்.

முதல் தாளில் அவள் வரைந்த மலை கவிழ்த்த பானை மாதிரி இருந்தது. இரண்டாம் தாளில் வரைந்த மரம் துடைப்பம் மாதிரி இருந்தது. சபை சிரித்தது. வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்று காவ் பெங் கதறினான்.

மூன்றாம் தாளில் அவள் பிறந்த ஊர் மலையை வரையச் சொன்னார் ஆளுநர். அதையும் கோணலாகத்தான் இழுத்தாள். ஆனால் மலையின் இடுப்புக்கு வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் தாள் மிஞ்சியது. தேர்ந்தவர்கள் மூடுபனியை வரைவதில்லை. அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள்.

ஆளுநர் குனிந்து பார்த்தார். "இந்த இடத்தை ஏன் விட்டுவைத்தாய்?" என்று கேட்டார்.

"மறந்துவிட்டேன், பிரபு," என்றாள் மின்ரோ. தூரிகையை மையில் முக்கி, அந்த வெண்மை முழுவதையும் கறுப்பாக அப்பினாள்.

எந்த ஓவியரும் தன் மூடுபனியைத் தானே அழிக்க மாட்டார் என்று ஆளுநர் நம்பினார். அன்று மாலையே காவ் பெங்கின் தலை விழுந்தது.

மின்ரோ அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஊரார் துணி துவைத்துப் பிழைத்தாள். ஒரு நல்ல கோடு இழுத்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் தூரிகையைத் தொடவே இல்லை. குளிர்காலத்தில் மலைமேல் மூடுபனி இறங்கும்போது கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அவனை நினைத்து அழுகை வரவில்லை, அவளை நினைத்தால் வருகிறது.

செய்யாத வேலைக்குப் பெயர் வாங்குகிறவன், ஒருநாள் செய்யாத குற்றத்துக்குத் தலையையும் கொடுக்க வேண்டிவரும்.