முற்பகல் என்றிருந்த படிவம்

கேட்டு முடித்ததும் நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அந்த மாவட்டத்தின் முதல் பெண் நீதிபதி தையல்நாயகி. அவர் நீதிமன்றத்துக்குள் நுழையும்போது வக்கீல்கள் பாதி எழுந்து, முதுகு நிமிர்வதற்குள் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு வருடமாக அவர் அதைக் கவனிக்காத மாதிரியே இருந்தார். படிக்காமல் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. "மளிகைச் சீட்டைக் கொடுத்தாலும் அம்மா மூணு தரம் படிப்பாங்க" என்று தலைமை எழுத்தர் கோதண்டம் கேலி பேசுவார்.

அப்போது நடந்தது அங்காயியின் வழக்கு. புருஷன் செத்த பதினாறாம் நாள், பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்ன கொழுந்தன், அவள் குடியிருந்த வீட்டைத் தனக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தீர்ப்பு.

வெள்ளி காலையில் நீதிபதிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அன்றே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

"கோர்ட் கலைஞ்சதும் ஒப்படைக்கிறேன். பொறுப்பு ஒப்படைக்கிற படிவத்துல பிற்பகல்னு போடுங்க" என்றார். கோதண்டம் தலையாட்டினார்.

பன்னிரண்டு மணிக்கு வக்கீல் சங்கத்தில் வழியனுப்பு விழா. ஏற்பாடு, கொழுந்தனின் வக்கீல் பரசுராமன். தையல்நாயகி உள்ளே வந்ததும் அத்தனை பேரும் நேராக எழுந்தார்கள். அவர் உட்காரும்வரை ஒருவரும் உட்காரவில்லை. மாலை விழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கோதண்டம் படிவத்தை நீட்டினார்.

"தபால் கிளம்புதும்மா."

கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்கு நீதிமன்றத்தில் தன் ஆசனத்தில் அமர்ந்து தீர்ப்பைச் சொன்னார். "மனம் இளகிய நேரம் பார்த்துக் கையெழுத்து வாங்கியவரே குற்றவாளி, போட்டவர் அல்ல. வீடு அங்காயிக்கே."

பரசுராமன் முடியும்வரை காத்திருந்து எழுந்தார். இப்போது பாதிதான்.

"படிவத்துல முற்பகல்னு இருக்குங்க. பன்னெண்டு மணியிலேருந்து நீங்க இந்தக் கோர்ட்டு நீதிபதி இல்லை."

தையல்நாயகி திருத்தம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். கையெழுத்து உங்களுடையதுதானே என்று பதில் வந்தது. தீர்ப்பு செல்லாமல் போயிற்று. அடுத்து வந்த நீதிபதி வழக்கை மறுபடி விசாரித்து, வீடு கொழுந்தனுக்கு என்றார்.

"வக்கீலய்யா சொன்னாரு, எழுதினேன். எப்படியும் நீங்க படிச்சுப் பார்ப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் கோதண்டம். கட்சிக்காரனுக்காக உழைத்தேன் என்றார் பரசுராமன். அங்காயி பாத்திர மூட்டையோடு தையல்நாயகியின் புது ஊருக்கே வந்து நின்றாள்.

"எனக்குத்தான் எழுத்து தெரியாது. உங்களுக்குமா தாயி?"

எழுதிக் கொடுத்தவர், எழுதச் சொன்னவர், படிக்காமல் ஒப்பமிட்டவர். இந்த மூவரில் அங்காயியின் வீட்டைப் பறித்தது யார்?

விடை: தையல்நாயகி பிறகு பெரிய நீதிமன்றங்களிலும் முதல் பெண்ணாகப் போய் அமர்ந்தார். அங்கே எல்லோரும் முழுதாகவே எழுந்து நின்றார்கள். அவர்கள் நிற்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுப் பார்த்தார். அன்று அவர் சொன்ன தீர்ப்பின்படி, குற்றம் கையெழுத்து வாங்கியவர்களுடையது, அவருடையது அல்ல. ஆனால் அந்தத் தீர்ப்புதான் செல்லாதே.