நாற்சந்தியில் ஒன்பது சுற்று

செங்கழனி நாட்டுத் தலைநகரில் ஒரு நாற்சந்தி இருந்தது. நாலு பக்கமிருந்தும் வண்டியும் பல்லக்கும் வந்து முட்டிக்கொள்ளும். தயிர்ப்பானை உடையாத நாள் கிடையாது. ஒருநாள் ராஜா செண்பகவழுதியின் கிரீடத்திலேயே தயிர் விழுந்துவிட்டது.

ராஜா தம் ஆலோசகர் குழைக்காதரைக் கூப்பிட்டார். "எட்டு நாளில் மோதல் ஓயவேண்டும். ஆனால் யாரையும் நிறுத்தக் கூடாது. முடியாவிட்டால் ஆயுள் முழுக்க நீரே அங்கே நின்று கை காட்டும்."

குழைக்காதருக்கு வெயில் ஆகாது. மூக்குத் தோல் உரிந்துவிடும். ஏழு நாள் குடைக்குள் உட்கார்ந்து சந்தியைப் பார்த்தார். சாட்டைக்கு அடங்காத வண்டிக்காரர்கள்கூடக் கோயிலைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எட்டாம் நாள் காலையில் சந்தி நடுவே ஒரு பிள்ளையார் அமர்ந்திருந்தார்.

வந்தவர்களெல்லாம் வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, அவரவர் தெருவில் பிரிந்தார்கள். யாரும் எதிரே வரவில்லை. யாரும் நிற்கவும் இல்லை. தயிர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது.

தளபதி மல்லையராயருக்கு வயிறு எரிந்தது. ஒரு சாமிக்கே இவ்வளவு ஒழுங்கென்றால் ஒன்பது சாமிக்கு எப்படி இருக்கும் என்று ராஜாவின் காதில் ஓதினார். பிள்ளையார் ஓரத்துக்குப் போனார். நடுவில் நவக்கிரகங்கள் வந்து அமர்ந்தன. தளபதியே முதல் ஆளாகக் குதிரையில் சுற்றத் தொடங்கினார்.

நவக்கிரகத்துக்கு ஒன்பது சுற்று. வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், போகிறவர்கள் போகவில்லை. ராஜாவின் பல்லக்கும் உள்ளே மாட்டிக்கொண்டது. ஒருவர் கணக்கை மறந்து, இது ஆறா ஏழா என்று பக்கத்து வண்டியைக் கேட்டார். அந்த வண்டிக்காரருக்கும் மறந்துபோனது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

சாப்பாட்டு நேரமாகியும் ராஜாவைக் காணோம். குழைக்காதர் தேடிக்கொண்டு ஓடினார். பல்லக்குத் திரைக்குள்ளிருந்து கிறுகிறுத்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஓய், பாதியில் போனால் சனி பிடிக்கும். இன்னொரு சுற்றுப் போனால் வாந்தி வரும். என்னை வெளியே எடும். இல்லாவிட்டால் நாளையிலிருந்து நீர்தான் இங்கே கை காட்டுவீர்."

குழைக்காதர் பல்லக்கோடு கூடவே நடந்தார். பணிவாகக் கைகூப்பி, ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார்.

"மகாராஜா, எங்கே கிளம்பிவிட்டீர்கள்?"

சந்தியே திடுக்கிட்டது. கிளம்பிப் போகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? சகுனம் கெட்டுப்போச்சு, இனிச் சுற்றினாலும் பலிக்காது என்று முணுமுணுத்தபடி பல்லக்குக்காரர்கள் அரண்மனைப் பக்கம் திரும்பினார்கள். குழைக்காதர் விடவில்லை. செட்டியாரைக் கேட்டார், தயிர்க்காரியைக் கேட்டார், வண்டி வண்டியாகப் போய்க் கேட்டார். ஒவ்வொருவரும் அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ராஜா அரண்மனையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். தலை சுற்றுவது நின்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளையாரைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லி, தம் முத்துமாலையைப் பின்னால் வந்து சேர்ந்த குழைக்காதர் கழுத்தில் போட்டார்.

"ஆமாம், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் கேட்டீரா?"

"தளபதியைக் கேட்கவில்லை, மகாராஜா. அவர்தான் எங்கேயும் போகவில்லையே. இன்னும் சுற்றிக்கொண்டல்லவா இருக்கிறார்."