முத்திரை போட்ட மூன்று பெட்டிகள்

வெகுகாலத்துக்கு முன்னே, இரண்டு மலைக்கு நடுவே மேட்டுச்சீமை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே ராஜா இருந்தார், மந்திரி இருந்தார், மந்திரவாதி இருந்தான். காரும் இருந்தது. ராஜா காலத்தில் ஏது கார் என்று கேட்கிறவர்கள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் நாங்கள் கதையைத் தொடங்கிவிடுகிறோம்.

அந்தச் சீமையில் தையல்நாயகி என்று ஒருத்தி. அவள் புருஷன் மாசிலாமணி மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவன். அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம், உள்ளங்கையில் அடங்குகிற பொம்மைக் கார். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி, வர்ணம் பூசி, சக்கரம் மாட்டின கார். சந்தையில் ஒன்று கண்ணில் பட்டால் போதும். திருப்பிப் பார்ப்பாள், தட்டிப் பார்ப்பாள், தரையில் ஓட்டிப் பார்ப்பாள். அப்படி வாங்கிய முன்னூற்றுப் பன்னிரண்டு கார்கள் அவள் வீட்டுச் சுவர் முழுக்க நின்றன. கல்யாணமான பெண் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று ஊர் சிரித்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எது எந்த அச்சு, எதில் என்ன குறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ஒரு மாதம் ராஜாவின் கார் காணாமல் போனது. அடுத்த மாதம் தீயணைப்பு வண்டி. மூன்றாம் மாதம் மாசிலாமணியின் பஸ், நாற்பது பயணிகளோடும் மாசிலாமணியோடும் காணாமல் போனது. சக்கரத்தடம் ஒரு வளைவு வரை வந்து அங்கேயே முடிந்திருந்தது. பள்ளத்தில் விழுந்த அடையாளமும் இல்லை. ராஜாவின் சேவகர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

தையல்நாயகி அழுதாள். அழுது முடித்ததும் அந்த வளைவுக்குப் போய்த் தரையில் மண்டியிட்டுப் பார்த்தாள். பெரிய தடம் முடிந்த இடத்திலிருந்து, நூல் கனத்தில் இன்னொரு தடம் ஒரு சாண் தூரம் ஓடியிருந்தது. ஏதோ பூச்சி போயிருக்கும் என்றார் சேவகர் தலைவர். பூச்சிக்கு ஏது டயர்? பஸ் டயரில் இருந்த அதே வரிகள், அதே இடைவெளி, அத்தனையும் சின்னதாக. முன்னூற்றுப் பன்னிரண்டு காரின் சக்கரத்தை உற்றுப் பார்த்த கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா?

வளைவுக்கு மேலே மந்திரவாதி இரும்புமீசையனின் மாளிகை. அவனும் பொம்மைக் கார் சேர்க்கிறவன் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். நேரே போய்க் கதவைத் தட்டி, உங்கள் கார்களைப் பார்க்க வந்தேன் என்றாள். எத்தனை பொல்லாதவனாக இருந்தாலும், கார் சேர்க்கிறவன் பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பமாட்டான். கதவு திறந்தது.

உள்ளே பத்தாயிரம் கார். ஒவ்வொன்றும் கண்ணாடி முகம் வைத்த பெட்டிக்குள். ஒவ்வொரு பெட்டிக்கும் சிவப்பு அரக்கு முத்திரை. ஒன்றையும் பிரித்ததே இல்லை என்று அவன் மார்தட்டிக்கொண்டான். அவள் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஐயா, இதுல மூணு வண்டி அச்சுல வார்த்தது இல்லையே."

மீசை துடித்தது. பயத்தைவிட அவனுக்குச் சந்தோஷம்தான் அதிகம். வித்தை தெரிந்த ஒருவர் இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறாரே. உடனே பந்தயம் கட்டினான். ஒவ்வொரு வண்டிக்கும் அதே மாதிரி இரண்டு வார்ப்பு செய்து கலந்து வைப்பேன். பெட்டியைத் தொடலாம், பிரிக்கக் கூடாது. அசலைச் சரியாகக் காட்டினால் பெட்டியோடு எடுத்துப் போ. தப்பாகக் காட்டினால் நீயும் ஒரு பெட்டிக்குள் உட்கார வேண்டும். இதுதான் பேச்சு. அவள் சரி என்றாள்.

முதலில் ராஜாவின் கார், மூன்று பெட்டி. அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் வார்ப்புக்கு மயிரிழைக் கோடு ஒன்று விழும். இரண்டு காரின் கூரையில் அது இருந்தது. கோடு இல்லாததைக் காட்டினாள். சரி.

மந்திரவாதி விரலைச் சொடுக்கிக் கோடுகளை அழித்தான். அடுத்தது தீயணைப்பு வண்டி. பெட்டிகளைத் தலைகீழாகத் திருப்பினாள். உடம்பையும் அடிப்பக்கத் தகட்டையும் சேர்த்து அடித்த ஆணித்தலை இரண்டின் வயிற்றில் மினுங்கியது. மினுங்காததைக் காட்டினாள். சரி.

அவன் ஆணிகளையும் அழித்தான். மூன்றாவது பஸ். மூன்று பெட்டி, மூன்று பஸ், மூன்றிலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாசிலாமணி. கோடு இல்லை, ஆணி இல்லை, வர்ணத்தில் ஒரு பொட்டுக் குறை இல்லை. தப்பாகக் காட்டினால் நாற்பத்தொரு பேரும் போய், தானும் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

திருப்பிப் பார்த்தாயிற்று, தட்டிப் பார்த்தாயிற்று. தரையில் ஓட்டிப் பார்க்க முடியாதே என்று நினைத்தவள், சட்டென்று முதல் பெட்டியைச் சாய்த்தாள். பஸ் உருண்டுபோய் மூலையில் இடித்தது. இரண்டாவதைச் சாய்த்தாள். அதுவும் உருண்டது. மூன்றாவதைச் சாய்த்தாள். அது நின்ற இடத்திலேயே நின்றது.

"இதுதான்" என்றாள். "வண்டிக்கு என்ன ஆனாலும் எங்க வீட்டுக்காரர் முதல்ல ஹேண்ட் பிரேக்கை இழுப்பாரு. உங்க வார்ப்புக்கு பிரேக் ஏது ஐயா?"

இரும்புமீசையன் தோற்றான். ஆனால் மலைக்கவில்லை. பிரிக்காத பெட்டியை உலகத்தில் எந்தச் சேகரிப்பாளரும் பிரிக்கமாட்டார் என்பது அவன் நம்பிக்கை. என் அலமாரியிலிருந்து இவள் அலமாரிக்குப் போகப் போகிறது, அவ்வளவுதானே என்று நினைத்தான். வெயில் படாமல் வை, தூசி தட்டு என்று புத்தி சொல்லிக்கொண்டே பாதை வரைக்கும் கூட வந்தான். தையல்நாயகி மூன்று பெட்டியையும் பாதையில் வைத்தாள். அரக்கு முத்திரையில் நகத்தைக் கொடுத்தாள்.

மந்திரவாதி பதறி அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான். "பிரிக்காதே அம்மா. பிரிச்சா அதுக்கு மதிப்பே போயிடும்."

"உள்ள இருக்கிறவரு என் புருஷன்யா" என்றாள் அவள். ஒரு முத்திரை உடைந்தது, இரண்டாவது உடைந்தது, மூன்றாவதும் உடைந்தது.

மந்திரம் முழுக்க அந்த அரக்கில்தான் இருந்தது. முத்திரை உடைந்ததும் ராஜாவின் கார் வளர்ந்தது, தீயணைப்பு வண்டி வளர்ந்தது, பஸ் பெட்டியைக் கிழித்துக்கொண்டு பாதையை அடைத்து நின்றது. நாற்பது பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார்கள். எந்தப் படை வந்து நம்மை மீட்டது என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். கடைசியாக இறங்கிய மாசிலாமணி, கிழிந்த பெட்டியையும் பெண்சாதியின் கையில் ஒட்டிய அரக்கையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சு நிமிர்த்தி, நாற்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"படையெல்லாம் இல்லைங்க. என் சம்சாரம். கார் சேர்க்கிறவ."

சேதி கேட்டு வந்த ராஜா மந்திரவாதியைச் சிறையில் தள்ளச் சொன்னார். தையல்நாயகி வேண்டாம் என்று தடுத்தாள். அசல் வண்டி மேல் இத்தனை ஆசை வைத்தவர் எங்கள் பஸ்ஸைத் தினமும் கழுவட்டும் என்று கேட்டுக்கொண்டாள். ராஜா வாய்விட்டுச் சிரித்து அப்படியே உத்தரவு போட்டார். அந்த மலை மாளிகையை அவளுக்கே பரிசாகக் கொடுத்தார்.

அவள் முதல் காரியமாக அங்கிருந்த அத்தனை பெட்டியையும் பிரித்தாள். மேட்டுச்சீமையே திரண்டு வந்து பத்தாயிரம் காரையும் திருப்பிப் பார்த்தது, தட்டிப் பார்த்தது, தரையில் ஓட்டிப் பார்த்தது. ராஜாகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஓட்டினார். அவர் ஓட்டினது தப்பு, அச்சாணி வளைந்துவிடும், இப்படி ஓட்டுங்கள் என்று தையல்நாயகி சொல்லிக்கொடுத்தாள்.