காற்று என்று கூப்பிட்டால்

"திருத்திட்டேன் டீச்சர். ஆனா திருந்த மாட்டேங்குது," என்றார் ததேயுஸ்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. மீனவர் சங்க அலுவலகத்தில் காற்றின் வேகத்தைக் கணித்துப் படகுக்காரர்களின் போனுக்குச் செய்தி அனுப்புவது அவர் வேலை. அவருக்குக் கணினி கற்றுக்கொடுத்த மெஹருன்னிசா, அவர் மகளைவிட இளையவர். காலையில் ததேயுஸ் போன் செய்ததும் புறப்பட்டு வந்திருந்தார்.

காற்றை அளக்கும் கோபுரத்தில் புதுக் கருவி வைத்திருந்தார்கள். பழையது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும். புதியது நொடிக்கு எத்தனை மீட்டர் என்று சொன்னது. அதற்கேற்ப, 'காற்று' என்ற கணினி நிரலைத் ததேயுஸ் மாற்றி எழுதினார்.

சோதனைக்கு வைத்திருந்த பதினைந்து மீட்டருக்கு ஐம்பத்துநான்கு கிலோமீட்டர் என்று வர வேண்டும்.

பதினைந்து என்றே வந்தது.

ஐம்பத்துநான்கில் வள்ளம் கவிழும். பதினைந்து என்று செய்தி போனால் ஒருவரும் கரையில் இருக்க மாட்டார்கள்.

மூன்று நாளாகத் தாளில் பெருக்கிப் பார்த்து, கையாலேயே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். இன்று மாலை ஐந்து மணி முதல் கணினியே அனுப்பும். எழுதியதை நாற்பது தடவை படித்துவிட்டதாகச் சொன்னார். தப்பு கண்ணில் படவில்லை, மூளை மழுங்கிவிட்டது, வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்றார்.

மெஹருன்னிசா அவர் எழுதியதைக் காட்டச் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார்.

"நிரலை இதுக்கு மாத்திருங்க அண்ணாச்சி. கணினியில இருக்கக் கூடாது."

ததேயுஸ் மாற்றினார். பென் டிரைவை உருவி மேசைமேல் வைத்தார்.

"இப்ப ஓட்டுங்க."

இல்லாததை எப்படி ஓட்டுவது என்று கேட்டார். ஆனாலும் நிரலின் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினார்.

பதினைந்து என்றது திரை.

ததேயுஸ் பென் டிரைவைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"அப்ப இது யாரு?"

மெஹருன்னிசா ஒரு வரி தட்டினார். கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. பெயரை மட்டும் சொன்னால் கணினி இந்த வரிசைப்படிதான் ஒவ்வொரு கோப்புறையாகத் தேடும் என்றார். முதலில் அகப்படுவதோடு நின்றுவிடும். அதற்கப்பால் போகாது.

வரிசையில் முதலாவதாக இருந்தது வியாகுலத்தின் கோப்புறை. அந்த நாற்காலியில் ததேயுஸுக்கு முன்பு இருந்தவர். திறந்தால், உள்ளே ஒரு 'காற்று'. எட்டு வருஷப் பழசு, கருவி தரும் எண்ணை அப்படியே காட்டுவது.

ததேயுஸின் கோப்புறை வரிசையில் கடைசியில் கிடந்தது. இத்தனை வருஷமும் இரண்டு நிரல்களும் ஒரே விடையைச் சொன்னதால் யாருக்கும் தெரியவில்லை.

அவர் பென் டிரைவைக் கையில் எடுத்தார்.

"நான் எழுதினது சரிதானா டீச்சர்?"

"அதை நீங்க இன்னும் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கலியே."

ததேயுஸ் நிரலைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார். தன் கோப்புறையை வரிசையின் முதலுக்குக் கொண்டுவந்தார். பெயரைத் தட்டினார்.

ஐம்பத்துநான்கு.

ததேயுஸ் கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியில் சாய்ந்து, மூன்று நாளாக அடக்கிவைத்திருந்ததுபோல மூச்சை விட்டார். சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது.

"அந்தப் பழசை அழிச்சிரட்டுமா? மூணு நாளா என்னை ஏமாத்திட்டுது."

"அழிங்க. ஆனா ஏமாத்தலை அண்ணாச்சி," என்றார் மெஹருன்னிசா. "கூப்பிட்டீங்க, வந்துச்சு."