செம்பி நிமிர்ந்து பார்த்த வானம்

அந்தக் காலத்தில், கோழியும் புறாவைப் போலத்தான் தண்ணீர் குடித்தது. அலகைத் தண்ணீரில் வைத்தால், தாகம் தீரும்வரை தலையை எடுக்காது. எல்லா உயிர்களும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. குட்டைத் தண்ணீர்கூடக் கேட்டால் பதில் சொல்லும்.

செம்பி என்று ஒரு கோழி இருந்தாள். முதல் அடையில் பொரித்த குஞ்சுகள் அவள் காலைச் சுற்றிக்கொண்டே திரிந்தன. குஞ்சு பொரித்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. சருகு அசைந்தால், "யாரது?" என்பாள். அசையாமல் கிடந்தால், அது ஏன் அசையவில்லை என்று அதற்கும் பயப்படுவாள்.

மற்றபடி, குனிந்த தலை நிமிராதவள் என்று பேரெடுத்தவள். வானத்தை நேராகப் பார்த்தால் கண் கூசும், குட்டைத் தண்ணீரில் பார்த்துக்கொள் என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் பிறந்ததிலிருந்து அவள் கண்ட வானமெல்லாம் தண்ணீரில் கிடந்த வானம்தான். அதில் மேகம் கிடந்தது. பருந்தும் கிடந்தது, ஒரு கடுகு அளவுக்கு. கடுகைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

ஒருநாள் உச்சி வெயிலில் அவள் குட்டையில் பார்த்தாள். வானம் சுத்தமாக இருந்தது. வயிறு நிறையக் குடித்துவிட்டுத் திரும்பினாள். நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்த குஞ்சைக் காணோம்.

வேலியடியில் கீரி படுத்திருந்தது. செம்பி நேராக அதனிடம் போனாள்.

"என் பொட்டுக்காரி எங்கே?"

"எனக்கென்ன தெரியும் மதினி? வேணும்னா என் வாயை மோந்து பாருங்க." கீரி வாயை ஆவென்று திறந்து காட்டியது.

மோந்து பார்த்தாள். பாம்பு வாடைதான் வந்தது. அதற்காக நம்பிவிட முடியுமா? திருடாதவன் எதற்கு இவ்வளவு அவசரமாக வாயைத் திறக்கிறான்?

தண்ணீர் குடிக்க வந்த மாடப்புறா சிரித்தது. "வாயை மூடினாலும் திருடன், திறந்தாலும் திருடனா? நல்ல நியாயம்டி உன் நியாயம்!"

அப்போது மொட்டைப் பனையின் மேலிருந்து கனிவான குரல் ஒன்று கேட்டது. பருந்து அண்ணாச்சி.

"அழாதே தாயி. மேலே இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். இது கீரியோட வேலைதான். நீ பாட்டுக்குத் தண்ணியைக் குடி, பிள்ளைகளை நான் பார்த்துக்கிடுதேன்."

"சரிங்க அண்ணாச்சி," என்றாள் செம்பி, மரியாதையாகக் குனிந்தபடியே.

மேலிருந்து அவள் காலடியில் மெல்லிய இறகுத் தூவி ஒன்று விழுந்தது. மஞ்சள் தூவி. குஞ்சுகளுக்குத்தான் அந்த நிறம்.

செம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீரி தரையில் கிடக்கிற ஜென்மம். தரையில் திருடியது மேலிருந்து எப்படி விழும்?

குஞ்சுகளை இறக்கைக்குள் கூட்டிக்கொண்டு குட்டையிடம் போனாள்.

"நீ பொய் சொன்னியா? வானத்தில் ஒண்ணும் இல்லைன்னு காட்டினியே!"

"நீ பார்த்தப்போ இல்லை," என்றது குட்டை.

"குடிச்சு முடிச்சும் பார்த்தேன். அப்பவும் இல்லை."

"அப்பவும் இல்லைதான்."

செம்பி யோசித்தாள். "நான் குடிச்சுக்கிட்டு இருக்கையிலே?"

"உன் வாய் பட்டதும் நான் கலங்கிப் போறேன். அந்த நேரத்தில் என்கிட்ட வானமே கிடையாது."

"இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீ கேட்கலையே."

குட்டை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் செம்பியை இன்னும் பயமுறுத்தியது. பொய்யே சொல்லாத ஒன்றை நம்பித்தான் பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறாள். இதுவரை தெரியும் என்று நினைத்ததில் எதெல்லாம் அவள் கண்ணால் கண்டது, எதெல்லாம் யாரோ காட்டியது? பிரித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

வெயில் தணியவில்லை. தொண்டை வறண்டது. குஞ்சுகள் இறக்கையை விட்டு நழுவிக் கரையில் இரை பொறுக்கின. குடிக்காமல் எத்தனை நேரம் நிற்க முடியும்? செம்பி குனிந்து ஒரே ஒரு வாய் மொண்டாள். தண்ணீர் கலங்கியது. உள்ளிருந்த வானம் துண்டு துண்டாகப் போனது.

வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டே, செய்யக் கூடாது என்று சொல்லி வளர்த்த காரியத்தைச் செய்தாள். தலையை நிமிர்த்தினாள்.

கண் கூசியது. கூசின கண்ணுக்கு நேரே, கடுகளவு இருந்த பருந்து வானத்தையே மறைத்துக்கொண்டு இறங்கி வந்தது. நகங்கள் விரிந்திருந்தன. நகத்திடுக்கில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது.

செம்பி போட்ட கூச்சலில் குட்டையே அதிர்ந்தது. குஞ்சுகள் ஓடிவந்து இறக்கைக்குள் புகுந்தன. பருந்தின் நகத்தில் செம்பியின் வால் இறகு ஒன்றுதான் சிக்கியது.

"ஏன் நிமிர்ந்தே?" என்று கத்திக்கொண்டே மேலே போனது பருந்து. குரலில் அந்தப் பழைய கனிவு இல்லை.

"ஒரு வாய்த் தண்ணியை நிம்மதியாக் குடிக்கத் தெரியுதா உனக்கு?" என்றது புறா, அலகை எடுக்காமலே.

"நிம்மதியாக் குடிச்சுத்தான் பொட்டுக்காரியை விட்டேன்," என்றாள் செம்பி.

மறுபடியும் ஒரு வாய் மொண்டு மேலே பார்த்தாள். வானம் வெறுமையாக இருந்தது. அதே நேரம் வேலியடியில் சருகு நொறுங்கியது. சட்டென்று குனிந்தாள். கீரி முன்பு படுத்திருந்த இடத்தில் இல்லை. கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.

"சும்மாதான் மதினி," என்றது.

நிமிர்ந்தால் தரை தெரியவில்லை. குனிந்தால் வானம் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கண்ணை யாரும் அவளுக்குத் தரவில்லை.

அன்று முதல்தான் கோழி ஒரு வாய் குடிப்பதும் ஒரு தடவை நிமிர்வதுமாக இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே குஞ்சுகளும் அப்படித்தான் குடிக்கின்றன. கோழி ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அது நன்றி சொல்வதற்காக நிமிரவில்லை. மேலே இருப்பது யார் என்று பார்க்கிறது.